மாடிப்படித் திருப்பத்தில் ஒரு தண்ணீர் கேன்

எங்கள் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் கைபேசியில் ஐந்து முகங்கள் வந்து நிற்கும். வாய் காது வரை கிழிந்த முகத்திலிருந்து கண்ணீர் விடும் முகம் வரை வரிசையாக. இந்த வாரம் வேலையில் எப்படி இருக்கிறீர்கள், ஒன்றைத் தொடுங்கள் என்பார்கள். தொடாவிட்டால் விடமாட்டார்கள், செவ்வாய்க்கிழமை ஒரு நினைவூட்டல், புதன்கிழமை இன்னொன்று. பக்கத்து மேஜைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டே தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு மட்டும் அந்த முகங்களைப் பார்த்தால் உட்கார முடியாது. எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வந்துதான் தொடுவேன். என்ன ஆச்சு என்று கேட்பவர்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன். சொல்வதென்றால் பத்து வயதில் நான் செய்த ஒரு காரியத்திலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் அவர்களுக்கு டீ ஆறிவிடும்.

நாங்கள் அப்போது லிங்கராஜபுரத்தில் மேம்பாலத்தை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா நாகவாரா பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் செக்யூரிட்டி. அம்மா ஹெண்ணூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் டெய்லர். டெய்லர் என்றதும் முழுச் சட்டை தைப்பவள் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருத்திக்குப் பாக்கெட், ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குப் பட்டன் ஓட்டை. அம்மாவுக்குக் காலர் ஏற்றுவது. எட்டு வருஷமாகக் காலர் மட்டும். தெருவில் போகிற ஆண்களின் கழுத்தைத்தான் அம்மா முதலில் பார்ப்பாள், முகத்தை அப்புறம்தான். பஸ்ஸில் முன் சீட்டுக்காரனின் காலர் கோணலாக இருந்துவிட்டால் போதும், இறங்கும் வரை அவள் விரல்கள் மடியில் அதைப் பிரித்துப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருக்கும்.

அம்மா ஏற்றுகிற காலரைத் தைத்துக் கொடுப்பவர் பக்கத்து மிஷின் ஜெயக்கா. ஹொஸகோட்டையைத் தாண்டி ஏதோ ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வந்துபோகும் கன்னடக்காரர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். அம்மாவுக்கு அவர் அக்கா, எனக்கும் அக்கா, ஒரே ஒரு தடவை பார்த்த அப்பாவுக்கும் அக்கா. ஜெயக்கா காலரைத் தைத்து, திருப்பி, முனையைக் குத்தி எடுத்துக் கூடையில் போடுவார். அம்மா கூடையிலிருந்து எடுத்துச் சட்டையில் ஏற்றுவாள். அவர் கை ஓடினால்தான் அம்மாவின் கை ஓடும். மணிக்கு இத்தனை உருப்படி என்று லைன் என்கிற மிஷின் வரிசையின் முகப்பில் எழுதியிருப்பார்கள். குறைந்தால் சூப்பர்வைசர் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்று கத்துவார்.

மிஷினில் உட்கார்ந்துவிட்டால் பேசக் கூடாது. அதனால் இரண்டு பேரும் நூல் வெட்டுகிற கட்டரை வைத்து மிஷின் தகட்டில் தட்டிப் பேசிக்கொள்வார்களாம். ஒரு தட்டு என்றால் சூப்பர்வைசர் வருகிறார். இரண்டு தட்டு என்றால் எனக்கு முடியவில்லை, கொஞ்சம் தாங்கிக்கொள். அப்படித் தட்டினால் ஜெயக்காவின் பத்துக் காலரை அம்மா இழுத்துத் தைத்துப் போடுவாள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவள் வேலையில் பாதியை ஜெயக்கா பார்த்தார். மூன்று தட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். மூன்றுக்கு அர்த்தம் கிடையாது, சும்மா என்றாள் அம்மா.

சாயங்காலம் அம்மா வந்ததும் வீட்டுக்குள் ஃபேக்டரியே வந்துவிடும். சூப்பர்வைசர் பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டு நடப்பதை அம்மா நடந்து காட்டுவாள். ஜெயக்காவின் மாட்டுக்குக் கன்று பிறந்தது, ஜெயக்காவின் மகன் பைக் கேட்டு மூன்று நாள் சோறு தின்னாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் ராகிக் களி உருண்டை நாலைச் சாப்பிட்டது எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டே வெங்காயம் அரிவாள். என் பிறந்தநாளுக்கு ஜெயக்கா ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். நான் கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து வாசலுக்கும் தாவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “இந்தப் புட்டிக்குக் கால்ல சக்கரம் இருக்குதும்மா” என்றார். கன்னடத்தில் புட்டி என்றால் குட்டிப் பெண். அன்றிலிருந்து நான் வீட்டில் புட்டிதான்.

உண்மைதான், எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பள்ளிக்கூடத்தில் பென்ச் ஆடினால் மிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என் பெயரைச் சொல்வார். அந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் புரட்டாசி வரை அம்மா ஒரு இடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருப்பவள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் ஃப்ளோருக்குப் புதிதாக ஒரு இன்சார்ஜ் வந்தார். வந்த மூன்றாம் நாள் ஜெயக்காவைத் தூக்கி மேல் மாடியில் ஏழாவது லைனில் போட்டுவிட்டார். ஏழாவது லைனில் காலர் பின்தங்குகிறது, நல்ல கை வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அம்மா நம்பவில்லை. அந்த ஆள் முந்தின நாள் தூணுக்குப் பின்னால் நின்று, இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்றாள். சிரித்தால் கை நிற்கும் என்பது அவர் கணக்கு. சிரித்ததால்தான் கை ஓடியது என்பதை அவருக்கு யார் போய்ச் சொல்வது?

மாடிதானே, போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே என்றார் அப்பா. அது அப்படி இல்லை. ஒரு ஃப்ளோர்காரர் இன்னொரு ஃப்ளோருக்குள் கால் வைக்க முடியாது. சாப்பாட்டு நேரம் கீழே பன்னிரண்டரைக்கு, மேலே ஒரு மணிக்கு. சாயங்காலம் மணி அடித்ததும் ஹொஸகோட்டை வேன் புறப்பட்டுவிடும். அம்மா செருப்பு மாட்டி வெளியே வருவதற்குள் தூசிதான் மிச்சம். போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், வீட்டில் ஜெயக்காவின் போன் எப்போதும் அவர் மகன் கையில். ஒரே கட்டிடம், தலைக்கு மேலே ஜெயக்காவின் மிஷின். மூன்று வாரம் அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில் வீடு நிலைகொள்ளவில்லை. அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று சந்து முனையிலிருந்து திரும்பி வந்து பார்த்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய் வாசல் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என்னம்மா என்றால் ஒண்ணுமில்ல. சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டு என்று நான் கேட்டேன். “அவன் நடை எப்படியிருந்தா எனக்கென்ன” என்றாள். பக்கத்து மிஷினுக்கு வந்திருந்த புதுப் பெண் நல்ல பெண்தான், ஆனால் அதன் கை அதுபாட்டுக்கு ஓடியது, அம்மாவின் கை இதுபாட்டுக்கு ஓடியது. உருப்படி குறைந்தது. கத்தல் கூடியது. வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவில்லை, வெறுமனே ஃபேக்டரி அடையாள அட்டையைக் கழற்றி டி.வி. மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. வேலை போனால் என்ன ஆகும் என்ற பயமில்லை, அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குப் பழைய அம்மா வேண்டியிருந்தது. அதற்கு ஜெயக்கா பக்கத்து மிஷினுக்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம், இதை ஏன் பெரியவர்கள் யாரும் செய்யவில்லை என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்பாவுக்கு இதிலெல்லாம் தெளிவான கொள்கை இருந்தது. “வேலைன்னா வேலை. சந்தோஷம்னா ஞாயித்துக்கிழமை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது” என்பார். ஆனால் தான் காவல் காக்கிற கம்ப்யூட்டர் கம்பெனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தக் கொள்கையை அவரே மறந்துவிடுவார். அங்கே உள்ளே பிங்பாங் மேஜை இருக்கிறதாம். உட்கார்ந்தால் உள்ளே அமுங்கிப்போகிற மூட்டை நாற்காலி இருக்கிறதாம். வாசலில் ஒரு மிஷினில் சிரிக்கும் முகமும் அழும் முகமும் பட்டனாக இருக்கும், போகிற வருகிறவர்கள் அழுத்திவிட்டுப் போவார்கள். ஒரு நாள் காபி நன்றாக இல்லை என்று யாரோ ஒரு பையன் அழும் முகத்தை அழுத்தினானாம். இரண்டே நாளில் பழைய காபி மிஷினைத் தூக்கிவிட்டுப் புதிது வைத்துவிட்டார்கள். அப்பாவே கேட்டில் நின்று அதை உள்ளே விட்டாராம். “ஒரே ஒரு அழுத்து” என்று கட்டைவிரலைக் காட்டுவார் அப்பா, ஏதோ தானே அழுத்தியது போல.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அம்மாவின் ஃபேக்டரியிலும் முகங்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். லைன் வாசலில் ஒரு பலகையில் எல்லார் பெயரும் எழுதி, ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ஆணியில் ஒரு வட்ட அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மஞ்சளில் சிரிக்கும் முகம், மறுபக்கம் நீலத்தில் தொங்கிப்போன முகம். காலையில் வரும்போது எப்படி இருக்கிறோமோ அப்படித் திருப்பி வைக்க வேண்டும். அம்மா தினமும் எதை வைக்கிறாள் என்று கேட்டேன். மஞ்சள்தான் என்றாள். இப்போதுமா என்றேன். எப்போதும் என்றாள். எனக்கு அம்மாவின் அசட்டுத்தனத்தைத் தாங்க முடியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் மிஷின் இருக்கிற இடமெல்லாம் அன்றைக்குத் திருவிழா. ஃபேக்டரியில் முந்தின நாளே மிஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டு, வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள், தானும் மாம்பழக் கலரில் ஒரு புடவை கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் அவள் நடை வேகமாக இருந்தது. பூஜை என்பதால் மேல் ஃப்ளோர்காரர்களும் கீழே வருவார்கள், ஜெயக்காவைப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஜெயக்காவுக்குப் பிடிக்கும் என்று எள்ளுருண்டை நாலு கைப்பையில் இருந்தது.

உள்ளே போனதும்தான் தெரிந்தது, கீழே காலையில் பூஜை, மேலே மத்தியானம் பூஜை. மேலே இருப்பவர்கள் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார்கள், கீழே இருப்பவர்கள் பதினொன்றரைக்கு இனிப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், கூட்டம் சேரக் கூடாது என்று ஏற்பாடு. அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அப்புறம் என் கையில் குங்குமக் கிண்ணத்தைக் கொடுத்து, எல்லா மிஷினுக்கும் பொட்டு வை என்றாள். எனக்கு அதைவிடப் பொருத்தமான வேலை யாரும் கொடுத்ததில்லை. வரிசை வரிசையாக ஓடி ஓடி வைத்தேன். ஐம்பது மிஷினும் முடிந்து, தூணுக்கும் வைத்து, தீயணைக்கும் சிலிண்டருக்கும் வைத்துவிட்டு லைன் வாசலுக்கு வந்து நின்றேன். எதிரே அந்தப் பலகை.

அத்தனையும் மஞ்சள். ஒன்றுகூட நீலம் இல்லை. நாலாவது வரிசையில் அம்மாவின் பெயர், அதற்குக் கீழே காது வரை சிரித்துக்கொண்டு ஒரு முகம். எனக்கு எரிச்சலாக வந்தது. அங்கே மிஷின் பக்கத்தில் நின்று ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறவளுக்கும் இந்த முகத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்பாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. எட்டி அட்டையைத் திருப்பி நீலத்தை வெளியே வைத்துவிட்டு, இரண்டு நாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஓடிவிட்டேன்.

அந்த அட்டைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பலகை மாட்டிய முதல் வாரத்தில் பட்டன் தைக்கிற ஒரு பெண் நீலத்தைத் திருப்பினாளாம். அவளை, ஆட்களின் குறைகளைப் பார்க்கிற எச்.ஆர். மேடம் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, என்ன கஷ்டம் என்று அரை மணி நேரம் அன்பாக விசாரித்தார். அந்த அரை மணி நேரத்தில் அவள் மிஷின் நின்றது, அந்த மணிக்கு உருப்படி விழுந்தது, லைன் முழுக்கத் திட்டு வாங்கியது. மறுநாளிலிருந்து அட்டையை யாரும் தொடவில்லை. தூசி தட்டக்கூடத் தொடுவதில்லை.

பதினோரு மணிக்கு மேனேஜர் நாலைந்து பேரோடு உள்ளே வந்தார். நடுவில் நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டி, பருத்திப் புடவை கட்டிய ஒரு உயரமான பெண்மணி. சட்டையெல்லாம் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள். அப்படிப்பட்டவர்களை அங்கே பையர் என்பார்கள். பையர் வருகிறார் என்றால் கழிப்பறையில் சோப்பு வரும். அவர் வாழைக்கன்றைப் போட்டோ எடுத்தார், நான் பொட்டு வைத்த சிலிண்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தார். பலகைக்கு முன்னால் வந்து நின்றார். மேனேஜர் இங்கிலீஷில் பெருமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பையரின் விரல் வரிசை வரிசையாக இறங்கி வந்து நாலாவது வரிசையில் நின்றது.

மேனேஜர் எச்.ஆர். மேடத்தைப் பார்த்தார், மேடம் இன்சார்ஜைப் பார்த்தார், இன்சார்ஜ் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டு ஓடி வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு ஒரே குஷி. இரண்டு நாள் என்று நினைத்தது இரண்டு நிமிஷத்திலேயே நடக்கிறதே.

அம்மா அட்டையைப் பார்த்தாள். நீல முகத்தின் கன்னத்தில் குங்குமத்தில் ஒரு சின்ன விரல் தடம். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குழந்தை விளையாடிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். அம்மா சொல்லவில்லை. என்னைத் தன் புடவைக்குப் பின்னால் இழுத்து நிறுத்தி, குங்குமக் கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“நான்தான் வெச்சேன் மேடம்.”

ஏன் என்று பையர் இங்கிலீஷில் கேட்டார். எச்.ஆர். மேடம் தமிழில் கேட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது போல இருந்தது. அம்மாவின் பார்வை ஒரு தடவை கூரைக்குப் போய்விட்டு வந்தது. நான் மனசுக்குள் கத்தினேன். சொல்லு, ஜெயக்கா என்று சொல்லு, ஒரே ஒரு பெயர். நான் வாயைத் திறந்தே விட்டேன். அம்மா என் மணிக்கட்டை நெரித்தாள், வலியில் வாய் மூடிக்கொண்டது. இன்சார்ஜ் இரண்டடி தள்ளி நின்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடிக்கத் தண்ணி தூரமா இருக்குது மேடம்” என்றாள் அம்மா. “வாசல் கேட்டு கிட்டப் போயிட்டு வரணும், நேரம் ஆவுது. மாடிப்படி திருப்பத்துல ஒரு கேன் வெச்சா மேலே இருக்கறவங்களுக்கும் ஆவும், கீழே இருக்கறவங்களுக்கும் ஆவும்.”

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா என்று அவர் சத்தமாகச் சிரித்தார். பையருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இப்படி வெளிப்படையாகச் சொல்வதுதான் நல்லது என்று அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கே, அங்கேயே, அவர் பார்க்கிற மாதிரி இரண்டு பேர் ஒரு ஸ்டூலையும் தண்ணீர் கேனையும் நாலு எவர்சில்வர் தம்ளரையும் தூக்கிக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் வைத்தார்கள். யாரோ அதற்கும் ஒரு மாலையைச் சுற்றினார்கள். பையர், கேனுக்குப் பக்கத்தில் அம்மாவை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பொரி, கடலை, லட்டு போட்ட பொட்டலத்தை நான் வாங்கவே மாட்டேன் என்றேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் அம்மாவோடு பேசவில்லை. அதற்கப்புறம் முடியவில்லை, கொட்டிவிட்டேன். கேட்கச் சொன்னார்கள் இல்லையா, எல்லார் முன்னாலும் கேட்டார்கள் இல்லையா, போயும் போயும் தண்ணியா கேட்பாய்? அதுவும் நீ? ஃபேக்டரியில் அம்மா தண்ணீரே குடிக்க மாட்டாள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போவதற்குச் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அதற்குப் பயந்து காலையில் நிரப்பிய பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். அது எனக்குத் தெரியும், தினமும் அந்தப் பாட்டிலைக் கவிழ்த்து ரோஜாச் செடிக்கு ஊற்றுவது நான்தான்.

“இனிமே குடிக்கறேன்டி” என்றாள் அம்மா. அடிக்கப் போகிறாள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிக்கவில்லை. எள்ளுருண்டை ஒன்றை எடுத்து என் வாயில் திணித்தாள்.

அப்பா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கேட்டதே கேட்டாய், ஒரு காபி மிஷின் கேட்டிருக்கக் கூடாதா என்றார். அம்மா புடவையை மடித்தாள், ஒரே ஒரு தடவை.

லீவு முடிந்ததும் வந்து பார்க்கும்படி எச்.ஆர். மேடம் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அன்று காலை முழுக்க நான் வகுப்பில் பென்ச்சை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களோ, அதற்கு நான்தானே காரணம் என்ற நினைப்பில் மிஸ் என் பெயரைச் சொன்னதுகூடக் காதில் விழவில்லை. தூக்கவில்லை. என் குறை தீர்ந்தது, நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்த வாரமே பலகையில் இருந்த அட்டைகளைக் கழற்றிவிட்டுப் புது அட்டை மாட்டினார்கள். இரண்டு பக்கமும் மஞ்சள்.

ஜெயக்கா பக்கத்து மிஷினுக்குத் திரும்பி வரவில்லை. நான் செய்த காரியம் உருப்படாமல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அம்மா மேல் கோபமாக இருந்தது, கோழை என்று நினைத்தேன். ஆனால் சொன்னபடியே அவள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். பதினோரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை, மாடிப்படித் திருப்பத்துக்குப் போய். மருந்து குடிக்கிற ஒழுங்கு. கேன் வைத்ததைப் பையர் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறாரே, இன்சார்ஜால் கூடாது என்று சொல்ல முடியவில்லை. அம்மா கிளம்பினால் அவர் கடிகாரத்தைப் பார்ப்பாராம். அம்மாவும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்புவாளாம்.

தீபாவளிக்குள் வீடு மாறிவிட்டது. அம்மா பாத்திரத்தை ஒரு தடவைதான் கழுவினாள். சூப்பர்வைசரின் நடைக்கு இன்சார்ஜின் நடையும் சேர்ந்துகொண்டது, அதையும் நடந்து காட்டினாள். ஜெயக்காவுக்கு மூட்டுவலி, ஏதோ பச்சிலை அரைத்துக் கட்டுகிறார். ஜெயக்காவின் மகனுக்குச் சிந்தாமணியில் பெண் பார்த்திருக்கிறார்கள், பெண் அவனைவிட உயரம், அவன் சம்மதம் சொல்ல மூன்று நாள் பட்டினி கிடக்கிறான். வெங்காயம் அரிந்துகொண்டே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு நடை காட்டினால் போதும்.

அந்தச் சமயம் பள்ளிக்கூடத்தில் தண்ணீரின் பயன்கள் என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். குளிக்க, துவைக்க, பயிர் வளர்க்க என்று எல்லாரும் எழுதுவதை எழுதிவிட்டு, பக்கம் நிரம்பாததால் என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். தண்ணீர் குடித்தால் மனிதர்களுக்கு மகிழ்ச்சி உண்டாகும். என் அம்மா வேலை செய்யும் இடத்தில் முன்பு தண்ணீர் குடிக்காமல் சோகமாக இருந்தார். இப்போது நாள்தோறும் இரண்டு முறை குடிக்கிறார். அதனால் வேலையிலும் வீட்டிலும் சிரித்துக்கொண்டே இருக்கிறார். எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும். மிஸ் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டு வெரி குட் என்று எழுதியிருந்தார்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து கொட்டியது. இன்னொரு தடவை படி என்றாள். படித்ததும் நோட்டை என் கையிலிருந்து வாங்கி, நடுப்பின்னைப் பார்த்து, நூல் பிரிப்பது போல அந்தப் பக்கத்தை மெதுவாகக் கிழித்து எடுத்தாள். நாலாக மடித்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிற பர்ஸுக்குள் வைத்தாள். நாளைக்குப் பதினோரு மணிக்குத் தண்ணி கேன் கிட்ட இது வேணும் என்றாள். நான் கத்தித் தீர்த்துவிட்டேன். நோட்டில் பக்கம் கிழிந்திருந்தால் மிஸ் முட்டி போட வைப்பார், நல்லதாக எழுதினதையும் கிழித்துவிட்டு இவளுக்கென்ன சிரிப்பு என்று அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்துக்கொண்டேன்.